உறைபனி காணாத நாட்டில் கூலண்ட்: ஹெட் கேஸ்கட் சிதைவு பற்றிய ஒரு காரண விசாரணை

கோலாலம்பூரிலிருந்து கோம்பாக் வழியாகக் கிழக்கே காராக் நெடுஞ்சாலையில் ஏறும் பார லாரி ஒன்று, கெந்திங் செம்பாவை எட்டுவதற்கு முன்பே உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட, ரேடியேட்டரிலிருந்து வெண்ணாவி சீற, சாலையோரம் ஒதுங்கி நிற்பதும், பின்னர் அது கிள்ளானிலோ ஷா ஆலத்திலோ உள்ள ஒரு பட்டறைக்கு இழுத்து வரப்பட்டு, ஹெட் கழற்றப்பட்டு, இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட் கருகிப் பிளந்திருப்பது வெளிப்படுவதும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வாகனத் தொழிலில் உள்ளோர் நன்கு அறிந்த காட்சி. அதைச் சுற்றி நிற்பவர்களிடையே எழும் விவாதமும் அவ்வளவே பழகியது. ஓட்டுநர் குழாய் நீரையே ஊற்றி வந்ததுதான் காரணம் என்பார் ஒருவர். பச்சைக் கூலண்டின்மேல் சிவப்பைக் கலந்தது காரணம் என்பார் மற்றொருவர். பாரம் மிகுந்தது என்பார் மூன்றாமவர். முன்பு ஹெட்டை இறக்கியவர் போல்ட்டுகளை முறைப்படி இறுக்கவில்லை என்பார் நான்காமவர். தற்செயலான அபிப்பிராயங்கள் போலத் தோன்றும் இந்நான்கு விடைகளும், உண்மையில் இயந்திரவியலார் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் நான்கு பெரும் வாதங்களின் பட்டறை வடிவங்களேயாகும்.

அவ்வாதங்கள் எந்த நாட்டின் குளிரையும், எந்த ஊரின் நீரையும், எந்த வகை இயந்திரத்தையும் மனத்திற்கொண்டு பிறந்தவை என்பதை விசாரியாமல் அவற்றுள் ஒன்றைச் சரி என்றோ தவறு என்றோ நிர்ணயிப்பது பொருந்தாது. ஒன்றிரண்டு லாரிகளை வைத்துக்கொண்டே ஜீவனம் நடத்தும் குடும்பத்திற்கு ஒரு ஹெட் வேலை என்பது பல வாரங்களின் வருமானம். தவறான காரணத்தை நம்பிச் செய்யப்படும் பரிகாரம் அதே செலவை மறுபடியும் அழைத்து வருகிறது. ஆகவே இவ்விசாரணை வெறும் சாஸ்திர ஆர்வத்தின்பாற்பட்டதன்று.

கேஸ்கட்டின் கடமை

சிலிண்டர் பிளாக்கிற்கும் ஹெட்டிற்கும் நடுவே கிடக்கும் மெல்லிய தகடான கேஸ்கட், ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான மூன்று பொருள்களை ஒரே சமயத்தில் அடைத்து வைக்கக் கடமைப்பட்டது. எரிவாயு, எண்ணெய், நீர் என்னும் அம்மூன்றுள் நீரின் அழுத்தம் ரேடியேட்டர் மூடியின் அளவாகிய ஏறத்தாழ ஒரு பாருக்கு உட்பட்டது. எண்ணெயின் அழுத்தம் சில பார். எரிவாயுவின் உச்ச அழுத்தமோ டர்போ இல்லாத பழைய டீசல்களிலேயே நூறு பாரை நெருங்குவது, இன்றைய கனரக இயந்திரங்களில் இருநூறு பாரைத் தொடுவது. நீரை அடைப்பது கேஸ்கட்டிற்கு எளிய காரியம் என்பதும், வாயுவை அடைப்பதே அதன் ஆயுளைத் தீர்மானிப்பது என்பதும் இவ்வளவுகளிலிருந்தே விளங்கும். அவ்வாயுவை அடைத்து நிற்பது கேஸ்கட்டின் சொந்த வலிமையன்று. போல்ட்டுகள் தரும் இறுக்கமேயாகும். கேஸ்கட் அவ்விறுக்கத்தைச் சிலிண்டர் வாயைச் சுற்றிய உலோக வளையத்திற்குக் கொண்டுசேர்க்கும் இடைப்பொருள் மாத்திரமே.

செம்பும் கல்நாரும் அடுக்கிய பழைய கேஸ்கட்டுகள் மேற்பரப்பின் சிறு குறைகளைப் பொறுத்துக்கொண்டன. ஆனால் நாளடைவில் அமுங்கி இறுக்கத்தை இழந்ததனால், சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி இறுக்கும் வழக்கம் ஏற்பட்டது. கல்நார் கைவிடப்பட்ட காலத்தில் பரவிய பல அடுக்கு எஃகுத் தகடுகள் அமுங்குவதில்லை. ஆயினும் ஹெட்டின் முகமும் பிளாக்கின் முகமும் கண்ணாடி போல் சமமாயிருக்க வேண்டும் என்னும் கண்டிப்பை அவை உடன் கொண்டுவந்தன. மேல்தளத்தைக் கையால் தேய்த்துச் சமன்செய்து பழைய வகைக் கேஸ்கட்டில் வெற்றி கண்ட ஒரு பட்டறை, அதே முறையில் எஃகுத் தகட்டை வைத்துத் தோல்வியுறுவதற்குக் கூலண்டின் வர்ணத்தை நோவது நியாயமாகாது.

வெறும் நீர் என்னும் விடை

முதல் விடை மிகப் பழையது. பௌதிகத்தின் துணையும் உடையது. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் உஷ்ணம் வேண்டும். சரிபாதி எத்திலீன் கிளைகோல் கலந்த நீருக்கு, இயந்திரம் ஓடும் சூட்டில், ஏறத்தாழ 3.5 போதும். வெப்பத்தைக் கடத்தும் திறனிலோ அக்கலவை தூய நீரைவிட மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் தாழ்ந்தது. எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நீரின் வழியாகவே வெளியேற வேண்டிய பழைய வகை டீசல் ஒன்றில் இவ்வேறுபாடு சிறிதன்று. நீரே போதும் என்று சாதிக்கும் ஓட்டுநர் அறியாமையால் பேசுகிறார் என்று ஒதுக்குவது ஆகையால் தகாது. உஷ்ணத்தைச் சுமக்கும் ஒரே குணத்தை மட்டும் கருதினால் அவர் சொல்வது மெய்.

இவ்வாதத்தின் பலவீனம் வேறிடத்தில் உள்ளது. வார்ப்பிரும்பு, எஃகு, செம்பு, ஈயப்பற்று, அலுமினியம் ஆகிய பல உலோகங்கள் ஒரே சூடான நீரில் நனைந்து கிடக்கும்போது, மருந்திடாத நீர் அவற்றிடையே அரிப்பை நடத்துகிறது. துரு பெயர்ந்து நீரோடு சுழன்று, ரேடியேட்டர் குழாய்களின் அடியில் சேறாகத் தங்குகிறது. வால்வுகளுக்கு இடைப்பட்ட குறுகிய நீர்வழியில் படியும் படிவு வார்ப்பிரும்பின் கடத்தும் திறனில் மிகச் சிறு பங்கே உடையதாகையால், முள் சாதாரண அளவில் நிற்கும்போதே ஹெட்டின் ஒரு மூலை கொதிக்கத் தொடங்குகிறது. ஆகவே நீர் கேஸ்கட்டை நேராக அழிப்பதில்லை. உஷ்ணம் வெளியேறும் வழியைப் பல மாதங்களில் அடைத்து, பின்னர் ஒரே ஏற்றத்தில் அதன் விலையை வாங்குகிறது. அவ்வாறு தாமதித்து வருவதனாலேயே காரணம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

குளிர்நாட்டிலிருந்து வந்த திரவம்

எத்திலீன் கிளைகோலைப் பிரெஞ்சு ரசாயனி வுர்ட்ஸ் 1850களில் ஆக்கினார். மோட்டார் வாகனங்களுக்கு அது பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 1927-இல் அமெரிக்காவில் பிரெஸ்டோன் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்த பின்னரே. பனிக்காலத்தில் நீர் உறைந்து பிளாக்கைப் பிளந்துவிடாமல் தடுப்பதே அதன் நோக்கம். சரிபாதிக் கலவை பூஜ்யத்திற்குக் கீழே ஏறத்தாழ 37 டிகிரி வரையில் உறையாது.

மலேசியத் தீபகற்பத்தில் பதிவான மிகக் குறைந்த உஷ்ணநிலை 1978 பிப்ரவரியில் கேமரன் மலையில் காணப்பட்ட 7.8 டிகிரி செல்சியஸ். உதகமண்டலத்து மார்கழி இரவில் நிற்கும் லாரிக்கு உறைதடுப்பான் வேண்டும் என்று வாதிக்க ஓரளவு இடமுண்டு. கிள்ளானுக்கும் குவாந்தானுக்கும் இடையே ஓடும் வண்டிக்கு அந்த நோக்கமே இல்லை. எனவே இந்நாட்டில் கிளைகோலுக்குக் கூறப்படும் நியாயம் மாறி, அது கொதிநிலையை உயர்த்துகிறது என்பதாக ஆயிற்று. உயர்த்துவது உண்மை. ஆனால் எவ்வளவு? திறந்த பாத்திரத்தில் சரிபாதிக் கலவை 107 அல்லது 108 டிகிரியில் கொதிக்கும். அதாவது ஆதாயம் ஏழெட்டு டிகிரி. 0.9 பார் அழுத்தம் தாங்கும் ஒரு நல்ல ரேடியேட்டர் மூடியோ வெறும் நீரின் கொதிநிலையையே 118 டிகிரிக்கு மேல் கொண்டுசெல்கிறது. அதன் ஆதாயம் பதினெட்டு டிகிரி. ரப்பர் வெடித்த மூடியை மாற்றாமல், விலையுயர்ந்த கூலண்டை நாடும் வழக்கம் எவ்வளவு தலைகீழானது என்பதை இவ்விரு எண்களும் காட்டும். இரண்டும் சேர்ந்தால் பாதுகாப்பு மிகுதி என்பதில் ஐயமில்லை. ஒன்றைத் தேர வேண்டிய நெருக்கடியில் மூடியே முந்தியது.

கிளைகோலுக்கு வேறொரு குறையும் உண்டு. நீடித்த சூட்டிலும் காற்றின் கலப்பிலும் அது சிதைந்து கரிம அமிலங்களாகிறது. காலாவதியான கூலண்ட் அவ்வளவில் வெறும் நீரினும் கொடியதாக மாறக்கூடும். கூலண்ட் ஊற்றியாயிற்று என்னும் நிம்மதியில் நான்கைந்து ஆண்டுகள் அதை மாற்றாமல் விடுவது இந்த வகையிலேயே ஆபத்தானது.

தடுப்பான்களின் மூன்று மரபுகள்

உண்மையில் கூலண்டின் உயிர் கிளைகோலில் இல்லை. அதனுடன் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்களில் உள்ளது. இவை எவை என்பதில் மூன்று கண்டங்கள் மூன்று மரபுகளை வளர்த்தன. அம்மரபுகளின் வேற்றுமைக்கு நீரின் தன்மையே பெரிதும் காரணம் என்பது இத்துறையின் சுவையான பகுதிகளுள் ஒன்று.

ஐரோப்பாவின் பல பிரதேசங்களில் குழாய் நீர் கடினமானது. அதில் பாஸ்பேட் கலந்தால் சுண்ணாம்போடு கூடிப் படிவாக இறங்கும். ஆகையால் ஐரோப்பியர் பாஸ்பேட்டை விலக்கிச் சிலிகேட்டைக் கொண்டனர். நைட்ரைட்டும் அமீனும் ஒன்றாகச் சேர்வதையும் உடல்நலம் கருதி ஒதுக்கினர். ஜப்பானிலோ நீர் மென்மையானது. பாஸ்பேட் அங்கே தீங்கின்றித் தன் வேலையைச் செய்தது. சிலிகேட் வாட்டர் பம்ப்பின் சீலைத் தேய்க்கும் என்றும், போரேட் சூடான அலுமினியத்தை அரிக்கும் என்றும் கருதிய ஜப்பானியர் அவ்விரண்டையும் தவிர்த்தனர். அமெரிக்கக் கனரக லாரிகளின் மரபு மூன்றாவது. அதன் நடுநாயகம் நைட்ரைட்.

நைட்ரைட் ஏன் வேண்டியிருந்தது என்பதை அறியக் குழிவு அரிப்பு என்னும் விந்தையான நோயை அறிய வேண்டும். சிலிண்டரின் உட்சுவராகச் செருகப்படும் குழல் லைனர் எனப்படும். ஈர லைனர் உடைய டீசலில், லைனரின் வெளிப்புறம் நேராக நீரில் நிற்கிறது. ஒவ்வொரு எரிதலிலும் பிஸ்டன் பக்கவாட்டில் மோத, லைனர் மணியைப் போல அதிர்கிறது. அதிர்வில் அது நீரைவிட்டு விலகும் கணத்தில் நுண்ணிய ஆவிக்குமிழிகள் தோன்றுகின்றன. மீளும் கணத்தில் அவை உட்சரிந்து, ஊசிமுனையளவான இடத்தில் மிகக் கடுமையான அறையை உண்டாக்குகின்றன. அந்த அறை உலோகத்தின் காப்புப் படலத்தைப் பெயர்க்க, திறந்த இடத்தை நீர் அரிக்க, மறுபடி அறை விழ, இறுதியில் வெளியிலிருந்து உள்நோக்கிக் கரையான் துளைத்தாற்போலச் சிறுதுளைகள் லைனரின் சுவரைக் கடந்துவிடுகின்றன. பெயர்ந்த படலத்தைக் கணத்தில் மறுபடி பூட்டும் வல்லமை நைட்ரைட்டிற்கு உண்டு. அது செலவழிந்துகொண்டே போவதால் அவ்வப்போது சோதித்துச் சேர்க்க வேண்டியதும் ஆயிற்று. அழுத்தம் நிற்காத மூடியும், காற்றை உறிஞ்சும் தளர்ந்த குழாயும் இந்நோயைத் தூண்டுவன என்பதும் இங்கே நினைவிற்குரியது.

லைனரில் துளை விழுந்தால் நீர் எண்ணெய்ச் சட்டியில் இறங்குகிறது. எண்ணெய் பால் நிறமாகிறது. பட்டறையில் இவ்வடையாளத்தைக் கண்டவுடன் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று தீர்ப்பாகிவிடுவது வழக்கம். புதிய கேஸ்கட் வைத்து மூடிய சில நாட்களில் எண்ணெய் மீண்டும் வெளுக்கும்போது, பழி கேஸ்கட்டின் தரத்தின்மேல் விழுகிறது. கூலண்ட் உண்மையிலேயே குற்றவாளியாக உள்ள இச்சந்தர்ப்பத்தில் கேஸ்கட் நிரபராதி. ஆயினும் தண்டனை அதற்கே. மேலும், ஸ்கானியா, வோல்வோ, கமின்ஸ் போன்ற ஈர லைனர் இயந்திரங்களுக்கே இந்நோய் உரியது. இசுஸுவின் 6பிடி1 போன்று உலர்ந்த லைனர் உடைய ஜப்பானிய இயந்திரங்களில் லைனர் நீரைத் தொடுவதேயில்லை. எல்லா லாரிகளுக்கும் ஒரே கூலண்ட் விதியைக் கூறும் எவரும் இவ்வேறுபாட்டை மறந்தே கூறுகின்றனர்.

கரிம அமிலமும் அமெரிக்க அனுபவமும்

1990களில் சிலிகேட், பாஸ்பேட், போரேட் முதலியவற்றுக்குப் பதிலாகக் கரிம அமிலங்களைத் தடுப்பானாகக் கொண்ட நீண்ட ஆயுள் கூலண்டுகள் பரவின. பழையவை உலோகப் பரப்பு முழுவதையும் ஒரு படலத்தால் மூடின. கரிம அமிலமோ அரிப்புத் தொடங்கும் இடத்தில் மட்டும் சென்று படிவதால் மெல்லச் செலவாகிறது, நெடுநாள் நிற்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1995-இல் புகுத்திய டெக்ஸ்கூல் இவற்றுள் மிகப் பெயர்பெற்றது. அதைக் கொண்ட கார்களில் உள்ளிழுப்புக் குழாய் கேஸ்கட்டுகள் கசிந்தன என்று வாகன உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு 2008-இல் சமரசமாயிற்று. கூலண்டே கேஸ்கட்டைக் கொல்லும் என்னும் நம்பிக்கை உலகெங்கும் வேரூன்ற இவ்வழக்கு பெருங்காரணம். ஆனால் அங்கே பாதிக்கப்பட்டவை பிளாஸ்டிக் சட்டமும் சிலிகோன் ஓரமும் கொண்ட கேஸ்கட்டுகள். எஃகாலான டீசல் ஹெட் கேஸ்கட்டிற்கு அவ்வனுபவத்தை அப்படியே பொருத்துவது அதிவியாப்தி என்னும் தர்க்கக் குற்றமாகும்.

நம் வினாவிற்கு மிக அணுக்கமானது ஃபோர்டு நிறுவனத்தின் சூப்பர் டியூட்டி வண்டிகளில் 2003 முதல் 2007 வரை பொருத்தப்பட்ட, நேவிஸ்டார் செய்த 6.0 லிட்டர் டீசலின் கதை. அவ்வியந்திரத்தில் ஹெட் கேஸ்கட் சிதைவு பேர்போனது. காரணம் கூறுவோர் இன்றும் இரு பிரிவாக நிற்கின்றனர். ஒரு பிரிவினர், இயந்திரத்தின் நடுப்பள்ளத்தில் உள்ள எண்ணெய்க் குளிர்விப்பானின் குறுகிய நீர்வழிகள், வார்ப்பில் எஞ்சிய மணலாலும் கூலண்டிலிருந்து பிரிந்து கூழாகிய சிலிகேட்டாலும் அடைபட்டன என்றும், அதற்கு அப்பால், வெளியேறும் புகையின் ஒரு பங்கை மறுபடி உள்ளே அனுப்புமுன் ஆற்றும் புகைச்சுழற்சிக் குளிர்விப்பான் நீரின்றிக் கொதித்து வெடித்தது என்றும், அதன் ஆவியழுத்தமும் சூடும் ஹெட்டைத் தூக்கின என்றும் கூறுவர். மறுபிரிவினர், முந்தைய 7.3 லிட்டர் இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரையும் ஆறு போல்ட்டுகள் சூழ்ந்திருக்க, இதில் நான்கே சூழ்ந்திருப்பதையும், உரிமையாளர் பலர் மின்கட்டுப்பாட்டை மாற்றி டர்போ அழுத்தத்தை ஏற்றியதையும் சுட்டுவர். கூலண்டை மட்டும் மாற்றியவர்களுக்குத் துன்பம் முழுதும் தீரவில்லை. வலிய ஸ்டட்டுகளை மட்டும் இட்டவர்களுக்கும் குளிர்விப்பான் அடைப்பு நீங்கவில்லை. என் மதிப்பில் இரு பிரிவினரும் ஒரே சங்கிலியின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனர்: கூலண்ட் சூட்டை உண்டாக்கியது, இறுக்கக் குறைவு அச்சூட்டைத் தாங்க இடந்தரவில்லை.

இறுக்கமே காரணம் எனும் பட்சம்

இயந்திரப் பட்சத்தினர் கேஸ்கட்டின் வாழ்வையும் சாவையும் போல்ட்டின் இறுக்கத்திலேயே காண்பர். அளவுமீறி நீட்டும்படி இறுக்கப்படும் புதிய வகைப் போல்ட்டுகள் ஒரு முறை நீண்டவை. அவற்றை மறுபடி பயன்படுத்துவது இறுக்கத்தை முன்கூட்டியே இழப்பதாகும். ஈர லைனரின் விளிம்பு பிளாக்கின் முகத்தைவிட ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கே உயர்ந்து நிற்கவேண்டும். அந்த உயரம் குறைந்தாலோ, ஒரு லைனர் தன் அயல் லைனரைவிடத் தாழ்ந்தாலோ, தாழ்ந்த இடத்தில் வாயு வழி தேடும். இன்ஜெக்‌ஷன் நேரத்தை முன்தள்ளுவதும், பம்ப்பைத் திறந்து எரிபொருளைக் கூட்டுவதும் உச்ச அழுத்தத்தை ஏற்றுவன. மிகைப்பாரம் நேராகக் கேஸ்கட்டைத் தொடுவதில்லை. ஆனால் தாழ்ந்த கியரில், குறைந்த வேகத்தில், முழு எரிபொருளோடு நெடுநேரம் ஏறும்படி அது வண்டியை நிர்ப்பந்திக்கிறது. அப்போது ரேடியேட்டரின் ஊடே புகும் காற்றோ மிகவும் குறைவு.

ஸ்கானியா தன் ஆறு சிலிண்டர் கனரக இயந்திரங்கள் பலவற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ஹெட் வைத்தது இப்பட்சத்திற்கு நல்ல சான்று. நீண்ட ஒற்றை ஹெட் சூட்டில் வில்லாக வளையும்போது ஏற்படும் இழுவிசை, தனி ஹெட்டுகளில் எழ இடமில்லை. ஒன்று சிதைந்தாலும் மற்றவை நிற்கும். சிறு டீசல்களின் அலுமினிய ஹெட் இதற்கு நேர்மாறான நிலை: அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதனால், ஒருமுறை அதிகச் சூடு கண்டாலே முகம் வளைந்துவிடும்.

ஆயினும் இப்பட்சமும் பூரணமன்று. பல ஆண்டுகள் இறுக்கம் குலையாது நின்ற இயந்திரம் ஏன் குறிப்பிட்ட ஒரு நாளில் குலைந்தது என்று கேட்டால், பெரும்பாலும் விடை அன்றைய சூடு என்பதாகவே இருக்கும். அச்சூட்டின் மூலத்தைத் தேடினால் மறுபடி நீர், மூடி, பம்ப், தெர்மோஸ்டாட், சேறடைந்த ரேடியேட்டர் என்று குளிர்விப்பு முறையின் வாயிலிலேயே வந்து நிற்போம்.

காரியம் காரணமாகத் தோன்றும் இடம்

காரண காரியத் தொடர்பு இங்கே தலைகீழாகவும் ஓடுவதுண்டு. விவாதத்தில் மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்ட அம்சம் இது. கேஸ்கட் மயிரிழையளவு விட்டுக்கொடுத்த நாளிலிருந்தே எரிவாயு நீரில் கலக்கத் தொடங்குகிறது. அதிலுள்ள கந்தக, நைட்ரஜன் அமிலங்கள் தடுப்பானைத் தின்றுவிடுகின்றன, நீர் புளிக்கிறது, துரு எழுகிறது. பல மாதம் சென்று ஹெட்டை இறக்கிப் பார்ப்பவர், துருப்பிடித்த நீரைக் கண்டு, நீர் கெட்டதனால் கேஸ்கட் போயிற்று என்கிறார். உண்மையில் கேஸ்கட் போனதனால் நீர் கெட்டிருக்கலாம். மலேசியாவில் நெடுங்காலம் விற்ற டீசலில் பத்து லட்சத்திற்கு ஐந்நூறு பங்கு கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2021-இல் பரவலாக வந்த யூரோ 5 டீசலில் அது பத்துப் பங்காகக் குறைந்தது. எனவே இத்தலைகீழ்த் தொடர்பின் கடுமை பழைய வண்டிகளின் வரலாற்றில் மிகுதியாக இருந்திருக்க வேண்டும்.

பொய்ச் சாட்சிகளும் பல. லாரியின் காற்றுப் பிரேக்கிற்குக் காற்றைச் செலுத்தும் கம்ப்ரெஸர் பெரும்பாலும் இயந்திர நீராலேயே குளிர்விக்கப்படுவது. அதன் சிறு கேஸ்கட் உடைந்தால் ரேடியேட்டரில் குமிழிகள் பொங்கி, நீர் வெளியே தள்ளப்பட்டு, ஹெட் கேஸ்கட் சிதைவின் அடையாளங்கள் அத்தனையும் தோன்றும். கம்ப்ரெஸரின் காற்றுக்குழாயைச் சற்று நேரம் விலக்கிவிட்டுக் குமிழி நிற்கிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஹெட்டை இறக்குவது சில நாள் வேலை.

துறைமுகத்தின் சாட்சியம்

நீரா கூலண்டா என்று இரண்டாகவே பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதற்கான அத்தாட்சி, லாரிகள் வரிசையில் காத்து நிற்கும் கிள்ளான் துறைமுகத்திலேயே, 1901-இல் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகமாகத் திறக்கப்பட்ட அதே கரையில், நாள்தோறும் வந்து அணைகிறது. கப்பலின் பெரிய டீசல்களில் சிலிண்டர்களைச் சுற்றி ஓடுவது கிளைகோலும் அன்று, மருந்திடாத நீரும் அன்று; நைட்ரைட், போரேட் போன்ற தடுப்பான் இட்ட நன்னீர். உறையும் அச்சமில்லாத இடத்தில் நீரின் உஷ்ணம் சுமக்கும் திறன் முழுவதையும் வைத்துக்கொண்டு, அரிப்பை மட்டும் மருந்தால் தடுக்கும் வழி அது. ரயில்வேயின் அனுபவமும் இதையே கூறும்: திருச்சிப் பொன்மலைப் பணிமனை பழுதுபார்த்து வந்த டீசல் எஞ்சின்கள் கிளைகோல் இன்றி, மருந்திட்ட தூய நீரிலேயே ஓடின. 1957-இல் மலாயா ரயில்வே தன் முதன்மைப் பாதையில் டீசலைப் புகுத்தியபின், பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ரயில்வே குடியிருப்புகளின் தமிழ்த் தொழிலாளர் தலைமுறையினருக்கு டீசலோடு நெருங்கிய பழக்கம் உண்டாயிற்று; நீரைக் கவனிப்பது இயந்திரத்தைக் கவனிப்பதாகும் என்னும் கருத்து இவ்வூர்க்குப் புதிதாக இருக்க நியாயமில்லை.

ஆனால் கப்பலின் வழியை லாரிக்கு மாற்றுவதில் இரு தடைகள் உள்ளன. கப்பலில் பொறியாளர் ஒருவர் முறைப்படி நீரைச் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார். லாரியில் கசிவுக்கு ஈடாக ஊற்றப்படும் ஒவ்வொரு பாட்டில் குழாய் நீரும் மருந்தை மெலிவாக்குகிறது, அதை அளப்பவர் இல்லை. அன்றியும், இன்றைய லாரிகளின் ரேடியேட்டர்கள் அலுமினியத்தால் ஆனவை. நைட்ரைட் அலுமினியத்தோடு வினைபுரிந்து அம்மோனியாவாகி நீரின் காரத்தை ஏற்றுவது கண்டறியப்பட்ட தோஷம்.

பள்ளத்தாக்கின் நீரும் வண்டிகளும்

சிலாங்கூரின் குழாய் நீர் பெரும்பாலும் திதிவங்சா மலைத்தொடரின் கருங்கல் சரிவுகளில் பிறந்த ஆறுகளிலிருந்து வருவதால் மென்மையானது. ஐரோப்பியர் பாஸ்பேட்டை அஞ்சுவதற்கான காரணம் இங்கே வலுவிழக்கிறது. ஜப்பானிய மரபுக் கூலண்ட் இந்த நீருக்கு இயல்பாகவே பொருந்தும். சுண்ணாம்புப் பாறை நிலமான கிந்தா பள்ளத்தாக்கின் நிலத்தடி நீருக்கோ, யாழ்ப்பாணத்துக் கிணற்று நீருக்கோ இதே தீர்ப்பைக் கூற முடியாது. கல்லுடைப்புக் குவாரியிலோ செம்பனைத் தோட்டத்திலோ அகப்பட்ட குட்டை நீரை ஊற்றும் அவசரத்திற்கும் இது பொருந்தாது.

வண்டிகளின் நிலை இன்னும் கலப்பானது. ஹினோ, இசுஸு, ஃபூஸோ ஆகிய ஜப்பானிய லாரிகளும் ஸ்கானியா, வோல்வோ ஆகிய ஸ்வீடிஷ் வண்டிகளும் ஒரே கொட்டகையில் நிற்க, ஒரே பீப்பாயிலிருந்து எல்லாவற்றிற்கும் கூலண்ட் ஊற்றப்படுகிறது. ஜப்பானில் உழைத்துக் களைத்து இங்கே வந்து சேரும் ரீகண்டிஷன் இயந்திரங்கள், உள்ளே எது ஓடியது என்ற வரலாறு ஏதுமின்றி வருகின்றன. பச்சை, சிவப்பு, நீலம் என்னும் வர்ணங்கள் சாயமேயன்றி ரசாயனக் குறியல்ல. ஒரே சிவப்பு ஒரு பீப்பாயில் பாஸ்பேட் கலந்த ஜப்பானிய வகையாகவும், மற்றொன்றில் பாஸ்பேட் அறவே இல்லாத ஐரோப்பிய வகையாகவும் இருக்கக்கூடும். ஜே.ஐ.எஸ். கே 2234 என்றோ, கனரக டீசலுக்குரிய ஏ.எஸ்.டி.எம். டி 6210 என்றோ பீப்பாயின்மேல் பொறித்திருக்கும் எண்ணே கவனத்திற்குரியது. வெவ்வேறு வகைகளைக் கலப்பது உடனே கேஸ்கட்டை அழிக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. இரண்டின் ஆயுளையும் குறைக்கும் என்பதும், சிலிகேட் மிகுந்த கலவை சில வேளை கூழாகும் என்பதும் ஏற்கத்தக்கவை. வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்திற்கொரு முறை கட்டாயப் பரிசோதனைக்குச் செல்கின்றன. அங்கே பிரேக்கும் டயரும் புகையும் பார்க்கப்படுகின்றன. நீரின் நலன் உரிமையாளரின் பொறுப்பாகவே எஞ்சுகிறது.

முடிவாகாதவை

இதுகாறும் கண்டவற்றால் ஓரளவு துணிந்து கூறக்கூடியது இது: ஓர் அங்கீகாரம் பெற்ற கூலண்டிற்கும் மற்றொன்றிற்கும் உள்ள வேற்றுமை, இந்நாட்டின் உஷ்ணத்தில், ஹெட் கேஸ்கட் சிதைவிற்கு முதற்காரணமாவது அரிது, மருந்து செலவழிந்த நீர், குறைந்த மட்டம், அழுத்தம் நிற்காத மூடி, அடைபட்ட ரேடியேட்டர் ஆகியவை சூட்டின் வழியாகக் காரணமாவது மிகுதி, அச்சூடு தாக்கும்போது கேஸ்கட் நிற்பதும் வீழ்வதும் இறுக்கத்தையும் முகத்தின் சமத்தையும் பொறுத்தவை. ஈர லைனர் இயந்திரங்களில் மட்டும் தடுப்பானின் தேர்வு தனி முக்கியத்துவம் பெறுகிறது. அதுவும் லைனரின் பொருட்டே.

இதற்கப்பால் திறந்து கிடப்பவை சில. நைட்ரைட் அற்ற கரிம அமிலக் கூலண்ட், லைனரைக் குழிவு அரிப்பிலிருந்து நைட்ரைட் அளவிற்குக் காக்குமா என்பதில் தயாரிப்பாளரிடையேயே கருத்து ஒன்றுபடவில்லை. உறைதடுப்பு தேவையற்ற இந்நாட்டில் கிளைகோலின் பங்கைப் பாதியிலிருந்து முப்பது சதவீதத்திற்கோ அதற்குக் கீழோ குறைத்து, தடுப்பானின் அளவை மட்டும் முழுமையாக வைத்துக்கொள்வது உகந்ததா என்ற வினா, தடுப்பானும் கிளைகோலும் ஒரே பீப்பாயில் ஒன்றாகவே விற்கப்படும் வரை எளிதில் தீராது. புகைச்சுழற்சிக் குளிர்விப்பான் உடைய புதிய இயந்திரங்கள் முன்னையவற்றைவிட அதிக உஷ்ணத்தை நீரில் இறக்குகின்றன. கொதிநிலைக்கும் ஓட்டநிலைக்கும் நடுவேயுள்ள இடைவெளி அவற்றில் குறுகுவதால், பழைய லாரிகளில் கற்ற சகிப்புகள் செல்லுபடியாகுமா என்பதும் ஆராய்ச்சிக்குரியது.

காரணமா காரியமா என்னும் சிக்கலை அவிழ்க்கவோ பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஹெட்டின் முதல் போல்ட் தளர்த்தப்படுமுன் ரேடியேட்டரிலிருந்து ஒரு சீசா நீரைப் பிடித்து, அதன் அமிலத்தன்மையையும் எஞ்சிய தடுப்பானையும் எரிவாயுவின் சுவடான சல்பேட்டையும் அளந்து, கழற்றிய கேஸ்கட்டின் கருகிய இடத்தோடு சேர்த்து எழுதி வைத்தல் போதும். கிள்ளானின் பட்டறைகளில் ஓராண்டு அவ்விதம் எழுதப்பட்டால், மேலே வரைந்த நான்கு வாதங்களுள் எது எந்த இயந்திரத்திற்கு உரியது என்பதைப் பிறநாட்டு அனுபவத்தின் துணையின்றியே இவ்வூரார் சொல்லிவிடக்கூடும்.